பிரேக் அடிச்சா வரும் சார்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சண்டை போட்டேன். எழுபது வயசுக்கு மேலே யாரோடு என்ன சண்டை என்று வீட்டம்மா கேட்டாள். சண்டை பக்கத்து எஸ்டேட் மேஸ்திரியின் மச்சானோடு. விஷயம், மேஸ்திரி மகளின் படிப்பு.

கிளியூரில் எங்கள் வீடு அருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது. மழை விட்ட சாயங்காலம் மேஸ்திரி, அவர் சம்சாரம், சேலத்திலிருந்து வந்த மச்சான், அந்தப் பெண் நாலு பேரும் திண்ணைக்கு வந்தார்கள். பெண் சேலத்தில் பி.ஈ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறாள். கேட் தேர்விலும் தேறிவிட்டாள். எம்.ஈ. ஆட்டோமொபைல் படிக்க வேண்டும் என்கிறாள்.

மச்சான்காரர் தொடங்கினார். "நீங்களே சொல்லுங்க சார். பொட்டப் புள்ளைக்கு வண்டி ரிப்பேர் படிப்பு எதுக்குங்க? பி.ஈ. படிச்சதே போதும். அதுக்கு மேல ரெண்டு வருசம் கெடந்து படிச்சா, கடைசியில வாத்தியார் வேலைதானே கெடைக்கும்? அந்தக் காசுல அஞ்சு பவுன் எடுக்கலாம்."

சொல்லுங்க சார் என்றால் நான் சொல்லாமல் விடுவேனா? சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அன்றைக்கு வேகத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். இந்த வருஷம் தமிழ்நாட்டில் எத்தனையோ திண்ணைகளில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

முதலில் இந்த "வண்டி ரிப்பேர்" என்ற சொல். நான் 1977ல் பி.ஈ. முடித்து, பேருந்து ஓட்டுகிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பணிமனையில் காலம் தள்ளியவன். ரிப்பேர் என்ற வார்த்தையை நான் இளக்காரமாக நினைக்க மாட்டேன். ஆனால் ரிப்பேர் வேறு, அந்த ரிப்பேர் ஏன் வருகிறது என்று கண்டுபிடிப்பது வேறு.

நாம் தினமும் ஏறி இறங்குகிற ஏற்காடு மலைப்பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. பயணிகளோடு சேர்த்துப் பதினாலு டன் எடையுள்ள ஒரு பேருந்து இங்கிருந்து அடிவாரத்துக்கு இறங்கும்போது சுமார் 1,100 மீட்டர் கீழே போகிறது. பள்ளிக்கூடத்துக் கணக்குதான்: எடை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்குங்கள். பதினைந்து கோடி ஜூல் வரும். மின்சார வாரியக் கணக்கில் சொன்னால் 42 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருகிறார்களே 100 யூனிட், அதில் ஐந்தில் இரண்டு பங்கு. அதை முக்கால் மணி நேரத்தில் எங்கேயாவது கொண்டு போய்க் கொட்டியாக வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் போட்டு முக்கால் மணி நேரம் அணைக்காமல் வைத்திருப்பதற்குச் சமம் இது.

டயர் உருளும் உராய்வும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஓட்டுநர் செகண்ட் கியரிலோ தேர்ட் கியரிலோ எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்கினால் எஞ்சின் ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி அத்தனையும் பிரேக் டிரம்மில் சூடாக இறங்கும். டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால் லைனரை விட்டு விலகும். ஏர் சேம்பரின் ராடு இன்னும் அதிகம் நீள வேண்டியிருக்கும். ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரியாகப் பார்க்காத வண்டியாக இருந்தால் ராடு கடைசி வரை நீண்டுவிடும், பிரேக் மட்டும் பிடிக்காது. போதாததற்கு, சூடேறிய லைனரின் பிடிமானமும் குறையும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இந்தக் கணக்கின் சுருக்கம்தான்.

2024 ஏப்ரல் 30ம் தேதி ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய ஒரு தனியார் பேருந்து இதே பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. அதற்கு என்ன காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மலையில் குடியிருந்துகொண்டு, வண்டியைப் பற்றிய மேல்படிப்பு எதற்கு என்று கேட்க நமக்கு வாய் வரக்கூடாது.

"அதெல்லாம் வேலைக்குப் போனா தானா கத்துக்கலாம், நீங்க கத்துக்கலையா?" என்று மச்சான் மடக்கினார். நல்ல கேள்வி. நானும் எம்.ஈ. படித்தவன் இல்லை. வேலையில்தான் கற்றேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

1986ல் எங்கள் பணிமனையில் மலைப்பாதை வண்டிகள் மட்டும் பிரேக்கில் புகை விட ஆரம்பித்தன. அதே மாடல், அதே லைனர், சமவெளியில் ஓடுகிற வண்டிகளில் ஒன்றுமில்லை. லைனரை மாற்றினோம். ரிவிட்டை மாற்றினோம். டிரைவரைத் திட்டினோம். ஆறு மாதம் ஓடியது. அப்போது சென்னையிலிருந்து எம்.ஈ. படிக்கிற ஒரு பையன் ப்ராஜக்டுக்காக வந்தான். கையில் ஒரு நோட்டும் ஒரு வெர்னியரும். இரண்டு நாள் டிரம்களை அளந்தான். பிறகு ஒரு பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். நாங்கள் டிரம்மில் கோடு விழும்போதெல்லாம் லேத்தில் கடைந்து கடைந்து திரும்பப் போட்டுக்கொண்டிருந்தோம். கடையக் கடைய இரும்பின் எடை குறைகிறது. எடை குறைந்தால் அதே வெப்பத்துக்கு டிரம் இன்னும் அதிகமாகச் சூடேறும், இன்னும் அதிகமாக விரியும். சமவெளியில் இது தெரியாது, இருபது வளைவில் தெரியும். எத்தனை மில்லிமீட்டர் வரை கடையலாம் என்று ஒரு அளவு எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

எங்களுக்கு ஆறு மாதம், அவனுக்கு ஒரு பக்கம். அந்த ஆறு மாதமும் ஜனங்கள் எங்களை நம்பி அந்த வண்டியில் உட்கார்ந்து வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் சாமர்த்தியம் இல்லை, சேர்வராயன் புண்ணியம். அனுபவத்தில் கற்கலாம்தான். அந்த அனுபவத்துக்கான ஃபீஸை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதுவரை எழுதியது மச்சானுக்கு. இனி எழுதுவது கல்லூரிக்காரர்களுக்கு. மச்சான் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிக்குப் பொறுப்பு இவர்கள்தான்.

ஓய்வு பெற்ற பிறகு சில வருஷம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனேன். பெயர் வேண்டாம். ஒரு வருஷம் எம்.ஈ. மாணவர்களின் ப்ராஜக்ட் வைவாவில் உட்காரச் சொன்னார்கள். ஒன்பது பேர். அதில் ஐந்து பேரின் ப்ராஜக்ட் கிட்டத்தட்ட ஒன்றே: பிஸ்டனின் தலைப்பகுதியில் பீங்கான் பூச்சு பூசினால் வெப்பம் எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் கலர் கலராகப் படம். எந்த எஞ்சினின் பிஸ்டன் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ப்ராஜக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. சென்டர்காரனும் பாவம், ஐந்து பேருக்கும் ஒரே கலரைக் கொடுத்துவிட்டான்.

போகட்டும் என்று அடிப்படையாக ஒன்று கேட்டேன். "தம்பி, ஏற்காட்டிலிருந்து ஒரு பஸ் இறங்குது. அந்தச் சக்தி எல்லாம் எங்கே போகும்?"

முதல் பெஞ்சுப் பையன் சிரித்த முகத்தோடு பதில் சொன்னான்: "பிரேக் அடிச்சா வரும் சார்."

நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அவன் முட்டாள் இல்லை. ஆறு வருஷம் அவனை உட்கார வைத்து, ஒரு டிரம்மைக் கூடக் கழற்றிக் காட்டாமல், முதுநிலைப் பட்டம் வரை கொண்டு வந்துவிட்ட நாங்கள்தான் முட்டாள்கள். அந்தக் கல்லூரியில் எஞ்சின் டைனமோமீட்டர் இருந்தது. அதன் மேல் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கும் ஆய்வுக்குழு வருகிற நாளுக்கும் துணியை எடுப்பார்கள்.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம்? பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக எம்.ஈ. வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் ஐந்நூறுக்கும் மேல் கல்லூரிகள் முளைத்தபோது அத்தனைக்கும் வாத்தியார் வேண்டியிருந்தது. உடனே கல்லூரிகளே எம்.ஈ. வகுப்பு தொடங்கி, தங்களுக்கு வேண்டிய வாத்தியாரைத் தாங்களே தயாரித்துக்கொண்டன. கறிக்கடைக்காரர் ஆடு வளர்ப்பது போல. பிறகு மாணவர் சேர்க்கை குறைந்ததும் அந்த வாத்தியார்களுக்குச் சம்பளமும் குறைந்தது, வேலையும் போனது. கடைசியில் எங்கே வந்து நின்றது? ஒரே ஆசிரியர் பெயரை ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் காட்டியிருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியல் வெளியிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். எம்.ஈ. என்பது படிப்பாக இல்லாமல் பட்டியலை நிரப்பும் காகிதமாகிவிட்டால் இப்படித்தான் முடியும்.

நம் ஊரில் இந்தப் படிப்பு தொடங்கிய கதையே வேறு. 1949ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோது வைத்த நாலு பாடங்களில் ஆட்டோமொபைல் ஒன்று. மற்றவை விமானம், எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல். பி.எஸ்ஸி. பட்டம் வாங்கியவர்களைச் சேர்த்து மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். அப்துல் கலாம் திருச்சியில் இயற்பியல் முடித்து அங்கே விமானப் பொறியியல் படித்தது எல்லாருக்கும் தெரியும். அதாவது, முதலில் விஞ்ஞானம் படி, பிறகு வண்டியைத் தொடு என்று ஒரு பட்டத்துக்கு மேலான படிப்பாகத்தான் இந்தத் துறையையே இங்கே தொடங்கினார்கள். நாடு சுதந்திரம் அடைந்து இரண்டு வருஷம், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி ஒரு வருஷம். அப்போதே அப்படி யோசிக்க முடிந்திருக்கிறது.

இப்போது தேவை அன்றைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4லிருந்து 5ஐத் தாண்டி நேரே பி.எஸ். 6க்குத் தாவினோம். டீசல் வண்டியின் புகைக்குழாய்க்குள் ஒரு சிறிய ரசாயனத் தொழிற்சாலையையே வைக்க வேண்டியிருந்தது. ஒரகடத்தில் சோதனை மையம் இருக்கிறது, செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஓசூரில் இரு சக்கர வண்டி, கிருஷ்ணகிரியில் மின்சார ஸ்கூட்டர். இங்கெல்லாம் பேட்டரி சூட்டை எப்படிக் குறைப்பது, இரைச்சலை எப்படி அடக்குவது, சாஃப்ட்வேர் தவறினாலும் வண்டி எப்படித் தவறாமல் நிற்பது என்று வேலை பார்க்க ஆள் வேண்டும். பி.ஈ.யில் நாலு வருஷம் நுனிப்புல் மேய்ந்தவருக்கு அது போதாது.

இதை எல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் மேலே போக முடியும்.

2014ல் தெரிந்தவர் வீட்டுப் பையன் ஒருவன் யோசனை கேட்டு வந்தான். அவனுக்கு வண்டி என்றால் உயிர். சென்னையில் ஒரு கம்பெனியில் டிரெயினி வேலை கிடைத்திருந்தது. "வேலை எங்கே போகுது, முதல்ல எம்.ஈ. முடி" என்றேன். எந்தக் கல்லூரி என்று நான் விசாரிக்கவில்லை. வீட்டுக்குப் பக்கம், பஸ் வசதி உண்டு, அவ்வளவுதான் பார்த்தோம். கேட் எழுதாததால் உதவித்தொகை கிடையாது, அப்பா கடன் வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து வெளியே வந்தபோது, அந்த எம்.ஈ.யில் கற்றுக்கொண்டது என்ன என்று எந்த இன்டர்வியூவிலும் அவனால் சொல்ல முடியவில்லை. அதே கல்லூரியில் விரிவுரையாளர் ஆனான். சம்பளம் பதினைந்தாயிரம், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கொரோனா காலத்தில் அதுவும் நின்றது. இப்போது சேலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். போன தீபாவளிக்கு வழியில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா சார்" என்று மரியாதையாகக் கேட்டான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே எம்.ஈ. படி என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதும் பாவம், படிக்காதே என்று சொல்வதும் பாவம்.

அடுத்து, வெளிநாட்டு ஏஜென்டுகள். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று சேலத்தில் போர்டு மாட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் மெர்சிடஸும் போர்ஷேவும் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. எங்கே படித்தாலும் விசாவுக்கு முன்னால் ஒரு வருஷச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். இலவசம் என்ற போர்டில் இது இருக்காது. அங்கேயும் தொழில் முன்போல் இல்லை. 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைப்பதாக ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. போகிறவர்களை நான் தடுக்கவில்லை. நல்ல ஆய்வுக்கூடம் பார்க்க விரும்புகிறவர் அங்கே போவது நியாயம். எஸ்டேட் வீட்டையும் அம்மா தாலியையும் அடகு வைத்துப் போகும் முன் கணக்கைப் பாருங்கள் என்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது ஐந்து கேள்விகள். எந்தக் கல்லூரியில் சேருவதற்கு முன்னும் நேரில் போய்க் கேட்க வேண்டும்.

ஒன்று: எஞ்சின் டைனமோமீட்டர் ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் போன மாத டீசல் பில்லைக் காட்டுங்கள். ஓடுகிற எஞ்சின் எண்ணெய் குடிக்கும்.

இரண்டு: இரண்டாம் வருஷ ப்ராஜக்டைக் கம்பெனியிலோ சோதனை மையத்திலோ செய்ய அனுப்புவீர்களா?

மூன்று: போன வகுப்பில் கேட் தேறி வந்தவர் எத்தனை பேர்? தேறியவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அங்கீகாரம் பெற்ற இடமாக இருந்தால் இந்தப் பெண்ணுக்கும் கிடைக்கும். மச்சானின் ஐந்து பவுன் கணக்கு அங்கேயே பாதி அடிபட்டுப் போகிறது.

நாலு: பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள்?

ஐந்து: கடைசி மூன்று வருஷம் படித்தவர்கள் இப்போது எங்கே? வாசலில் மாட்டிய ஃபிளெக்ஸ் பேனர் வேண்டாம். பேசிப் பார்க்க ஆள் வேண்டும்.

ஐந்துக்கும் பதில் வராத இடத்தில் சேராதே, அதற்குப் பதில் கிடைக்கிற வேலைக்குப் போ, பட்டறையாக இருந்தாலும் சரி. பதில் வருகிற இடம் கிடைத்தால் யார் தடுத்தாலும் போ. இவ்வளவுதான் என் கட்சி.

மச்சான் விடவில்லை. "ஆம்பளப் பசங்களே தடுமாறுற படிப்புங்க இது" என்றார். அதுவரை வாயைத் திறக்காமல் திண்ணைத் தூணில் சாய்ந்து நின்ற பெண் அப்போதுதான் பேசினாள். அவரிடம் இல்லை, என்னிடம்.

"தாத்தா, நீங்க சொன்ன அந்த நாப்பத்திரண்டு யூனிட்டு. கரண்டு பஸ்ஸா இருந்தா எறங்கறப்ப பேட்டரிக்குத் திரும்பிப் போயிடும்ல?"

"ஆமாம்மா, நல்ல பங்கு திரும்பிப் போகும்."

"இங்க ஏற்காட்டுலயே நைட்டு ஃபுல்லா சார்ஜ் போட்டுட்டு காலையில மொத வண்டியா எறங்குனா? பேட்டரிலதான் எடமே இருக்காதே. அப்ப அந்த யூனிட்டெல்லாம் எங்க போவும்?"

நான் ஒரு நிமிஷம் பேசவில்லை. திரும்ப டிரம்முக்குத்தான் போகும். முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரி, எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத வண்டி, இருபது வளைவு. மேலே எவ்வளவு சார்ஜோடு நிறுத்துவது, மிச்சச் சூட்டை எதில் இறக்குவது, பேட்டரியின் எடை கூடிய வண்டிக்கு டிரம் எவ்வளவு கனம் வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டாக வேண்டும். எனக்கு முழுப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். முப்பத்தைந்து வருஷப் பணிமனை அனுபவம் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"இதைத்தாங்க எம்.ஈ.யில படிக்கணும்" என்றேன் மச்சானிடம். அவர் எழுந்து செருப்பைத் தேடினார். ஒப்புக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை, மறுத்த மாதிரியும் தெரியவில்லை. மேஸ்திரி மட்டும் போகும்போது, "கவுன்சலிங்குக்கு எப்பங்க சார் போகணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு இரண்டு கல்லூரிகளுக்கு நானும் போகிறேன். டீசல் பில்லை நானே கேட்கப் போகிறேன். 2014ல் செய்திருக்க வேண்டிய வேலை.